ஒரே வீடு, வேறு வேறு பிள்ளைப்பருவம்



காணிப் பிணக்கு என்று சொல்லிக்கொண்டு எம்மிடம் வருகிறவர்களில் பலர் உண்மையில் காணிக்காக வருவதில்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. எல்லை வேலி, வாய்க்கால் முறை, அனுமதிப்பத்திரம், அம்மாவின் சங்கிலி என்று பேச்சுத் தொடங்கும். அரை மணித்தியாலம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பேச்சு 2008ஆம் ஆண்டுக்கோ 1996ஆம் ஆண்டுக்கோ போய்விடும். அண்ணனும் தங்கையும், அக்காவும் தம்பியும் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள். வேலி மட்டும்தான் இன்றையது.

இரணைமடுவின் கீழ் உள்ள ஊர்களில் உடன்பிறந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாத வீடுகள் எத்தனை என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் உங்கள் வாய்க்காலில், உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு வீடாவது உண்டென்பது உங்களுக்குத் தெரியும். சிலவேளை அது உங்கள் வீடாகவும் இருக்கலாம். வீட்டு விடயத்தைச் சந்திக்கு இழுப்பதா என்று சிலர் கேட்பார்கள். இது ஒரு வீட்டு விடயமாக இருந்தால் நானும் எழுதமாட்டேன். வன்னியின் ஒரு தலைமுறை முழுவதற்கும் நடந்ததைத்தான் ஒவ்வொரு வீடும் தனக்கு மட்டுமே நடந்தது என்று எண்ணி மறைத்து வைத்திருக்கிறது.

ஒரு வீட்டில் நடந்தது

எவரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியே இதைச் சொல்கிறேன்.

வயலும் மேட்டுக்காணியும் உள்ள ஒரு குடும்பம். மூன்று பிள்ளைகள். மூத்தவர் போருக்கு நடுவில் எப்படியோ வெளிநாடு போய்ச் சேர்ந்தார். அடுத்தவர் மகன். கடைசி மகள். 2008இன் முற்பகுதியில் வீட்டுக்கு ஒருவர் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். மகனைத் தகப்பன் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் வெட்டிய குழிக்குள் ஒளித்து, மேலே பலகை போட்டு வைக்கோல் பரப்பி வைத்திருந்தார். இரண்டு தரம் வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் மூன்றாம் தரம் பதினேழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

போர் முடிந்தபின் அவள் உயிரோடு திரும்பினாள். உடம்பில் ஷெல் துண்டுகள், புனர்வாழ்வு முகாமில் கழிந்த காலம், ஊராரின் பார்வை. வீட்டில் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: "அவள் தானாகத்தான் போனவள்." விசாரணைக்கு வந்தவர்களிடமும் கலியாணம் பேச வந்தவர்களிடமும் அதையே சொன்னார்கள். நாளடைவில் சொன்னவர்களே அதை நம்பிவிட்டார்கள். அவள் தனியாக ஓர் இடத்தில் குடிசை போட்டு வாழத் தொடங்கினாள். தகப்பன் இறந்தார். பின்னுரித்தாளராக மகனின் பெயரையே அவர் எழுதியிருந்தார். தங்கை அண்ணனோடு பேசுவதை நிறுத்திப் பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது.

தாயின் முப்பத்தோராம் நாளில் மூவரும் ஓரிடத்தில் கூடினார்கள். மூத்தவர் விடுமுறையில் வந்திருந்தார். காணியைப் பிரித்து ஒரு முடிவு செய்துவிட்டுப் போகவேண்டும் என்று அவர்தான் என்னை அழைத்தார். நான் அங்கே பெரிய பிழை ஒன்று செய்தேன். சாப்பாடு முடிந்த கையோடு மூவரையும் இருத்தி, "போனது போகட்டும், ஆளையாள் மன்னித்துக் கையைக் கொடுங்கள்" என்றேன். தங்கை எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள். படலையடியில் நின்று இவ்வளவுதான் சொன்னாள்:

"பாதர், எனக்குக் காணி வேண்டாம். என்னைக் கொண்டு போகேக்கை அண்ணை குழிக்குள்ளை இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். அதை அவர் தன்ரை வாயாலை ஒருக்கால் சொல்லட்டும். நான் தானாப் போகேல்லை."

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையில் நடந்தது உண்மை என்று உடன்பிறந்தவர் ஒப்புக்கொள்வதைத்தான் கேட்கிறாள். நானோ அவளுக்கு இரண்டு பரப்பு நிலத்தையும் மன்னிப்புப் பற்றிய ஒரு பிரசங்கத்தையும் கொடுக்கப் பார்த்தேன்.

வீடுகள் எப்படிப் பிரிந்தன

இன்று முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் இருக்கும் எம்மவரின் பிள்ளைப்பருவத்தை ஒருமுறை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது; அந்த மக்களில் பெருந்தொகையினர் அடுத்த வருடம் வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியைப் படையினர் கைப்பற்ற, இரணைமடுவின் கீழிருந்த குடும்பங்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று சிதறின. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சி மீண்டும் புலிகளின் கைக்கு வந்தது. 2002இல் போர்நிறுத்தம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2006இல் மறுபடி போர். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி மீண்டும் வீழ்ந்தது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முள்வேலிக்குள் மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

இந்த இருபது வருடத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாதையில் போகவில்லை. ஒருவர் படகில் இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் வளர்ந்தார். ஒருவர் விடுதியில் விடப்பட்டார். ஒருவர் அம்மம்மாவோடு யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் எடுப்பவருக்கு இன்னொருவர் பிணை நிற்கவேண்டும். அப்படித் தம்பி போக அண்ணன் பிணையாக நின்ற வீடுகள் உண்டு. போன தம்பி திரும்பவில்லை. பிணை நின்றவர் என்ன பட்டார் என்பதைத் தம்பி இன்றுவரை கேட்கவும் இல்லை.

கடைசிப் போர்க்காலத்தில் விடுதலைப் புலிகள் வன்னியில் வீடுகளிலிருந்து கட்டாயமாக ஆட்களைச் சேர்த்தார்கள், சிறுவரையும் சேர்த்தார்கள் என்பது பொது ஆவணங்களில் பதிவான விடயம். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை அதைப் பதிவு செய்தது. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களுக்குள் அரச படையினர் ஷெல் அடித்ததையும் அதே அறிக்கை பதிவு செய்தது. போருக்குப் பின் 594 சிறுவர் சிறுமியர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வயது வந்தோரையும் சேர்த்தால் ஏறத்தாழப் பன்னீராயிரம் பேர். இவர்களில் பெரும்பாலானோருக்கு வீட்டில் உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள். பிடிபடாமல் தப்ப அவசரமாகக் கலியாணம் செய்துவைக்கப்பட்ட அக்கா இருந்தாள். குழிக்குள் இருந்த அண்ணன் இருந்தான். இன்னும் திரும்பி வராத ஒருவரும் இருந்தார்.

திரும்பி வராதவர்களுக்காகக் கிளிநொச்சியில் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்களுடைய வீட்டிலேயே மற்றப் பிள்ளையும் வளர்ந்தது. தாயின் முகத்தைப் பார்த்து, "இல்லாத அண்ணனுக்கு இருக்கும் இடம் இருக்கும் எனக்கு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லமுடியாமல் வளர்ந்தது. அதுவும் பிள்ளைப்பருவத்தின் ஒரு காயமே.

தலைப்பு வயலும் கடைவாய்க்கால் வயலும்

"ஒரே வீட்டில்தானே வளர்ந்தோம், எனக்கு இல்லாத கோபம் அவளுக்கு மட்டும் ஏன்?" என்று அந்த அண்ணன் என்னிடம் கேட்டார். எம் கமக்காரருக்கு இதை விளக்குவது கடினமல்ல.

இரணைமடுவில் தண்ணீர் திறந்தால் எல்லோருக்கும் ஒரே குளத்துத் தண்ணீர்தான். சிறுபோகக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தீர்மானம்தான். ஆனால் தலைப்பு வயலுக்கு வரும் தண்ணீர் கடைவாய்க்கால் வயலுக்கு வருவதில்லை. தலைப்பில் இருப்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வயலில் தண்ணீர் நின்றது. கடையில் இருப்பவரும் பொய் சொல்லவில்லை. அவருடைய வயல் வெடித்தது. இருவரும் ஒரே குளத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒருவருடைய வயலை மற்றவர் நடந்துபோய்ப் பார்க்காதவரைக்கும் இருவருக்கும் மற்றவர் பொய்யராகவே தெரிவார்.

பிள்ளைப்பருவமும் அப்படித்தான். ஒரே தாய் தகப்பன், ஒரே கூரை, ஒரே ஓட்டம். ஆனால் மூத்த பிள்ளை பட்டதை இளையது படவில்லை. பெண்பிள்ளை பட்டதை ஆண்பிள்ளை படவில்லை. அனுப்பப்பட்ட பிள்ளை பட்டதை வைத்திருக்கப்பட்ட பிள்ளை படவில்லை.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பின்லாந்து நாட்டுப் பெற்றோர் ஏறத்தாழ 70,000 பிள்ளைகளைப் போருக்குத் தப்பவைக்க அயல் நாடான சுவீடனுக்கு அனுப்பினார்கள். பல வீடுகளில் சில பிள்ளைகளை அனுப்பி, சிலரை வைத்துக்கொண்டார்கள். போனவர்களில் பலர் தாய்மொழியை மறந்து திரும்பினார்கள். பல தசாப்தங்களுக்குப் பிறகு ஆய்வாளர்கள் அனுப்பப்பட்டவர்களையும் வீட்டில் நின்ற அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2015இல் அந்த ஆய்வு வெளியானது. மனநோய்க்காக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட அளவில், மொத்தத்தில், இரு சாராருக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகளிடம் மட்டும் கடுமையான மனச்சோர்வு போன்ற நோய்கள் கூடுதலாக இருந்தன.

இதிலிருந்து நான் படிக்கும் பாடம் இது: போனவர் சுகமாக இருந்தார் என்று நின்றவர் எண்ணுகிறார், நின்றவர் தாய் தகப்பனோடு இருந்தார் என்று போனவர் எண்ணுகிறார். இருவர் எண்ணத்திலும் பாதிதான் உண்மை. கனடாவிலும் சுவிசிலும் உள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் இதைக் கேட்கவேண்டும். இங்கே இருப்பவர்களும் கேட்கவேண்டும். காசு அனுப்பியவருக்கும் ஒரு கதை இருக்கிறது. காசை வாங்கி அம்மாவைப் பார்த்தவருக்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் குழிக்குள் இருந்த அண்ணன் படுக்கையில் கிடந்த தாயை ஆறு வருடம் தூக்கி இருத்திப் பார்த்தவர். அன்றிலிருந்து கதவைச் சாத்திவிட்டு அவரால் நித்திரை கொள்ள முடிவதில்லை. இதைத் தங்கை அறிந்திருக்கவில்லை.

சட்டமும் ஒரு காரணம்

மனக்காயம் பற்றிப் பேசும்போது காணிச் சட்டம் எதற்கு என்று நினைக்கவேண்டாம். குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று தேசவழமையில் நாம் அறிந்த பிரிப்பு இந்தக் காணிகளுக்குச் செல்லாது. அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கலாம். காணியைக் குறித்த அளவுக்குக் கீழே துண்டாட முடியாது. ஆகவே பல வீடுகளில் ஒரே ஒரு பிள்ளையின் பெயர்தான் எழுதப்பட்டது. பெயர் குறிக்காமல் இறந்தால், சட்டத்தின் அட்டவணைப்படி பெண்பிள்ளைகளுக்கு முன் ஆண்பிள்ளைகளுக்கே உரிமை போனது. ஆணுக்கு முதலிடம் என்ற அந்த ஒழுங்கு 2022இல் சட்டத் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் எழுதிய பெயர்களும் நடந்த கைமாற்றங்களும் அப்படியே இருக்கின்றன.

இப்போது அந்தத் தங்கையின் இடத்தில் நின்று பாருங்கள். 2008இல் வீட்டிலிருந்து ஒருவர் போகவேண்டி வந்தபோது போனது அவள். பின்னர் காணிக்கு ஒருவரின் பெயர் எழுதவேண்டி வந்தபோது எழுதப்பட்டது அண்ணனின் பெயர். இரண்டு தரமும் தகப்பன் ஒரு பிள்ளையைத் தெரிந்தார் என்றுதான் அவளுக்குப் பட்டது. அவள் காணி கேட்டபோது ஊரார் பேராசை என்றார்கள். அவள் உண்மையில் கேட்டது, "இரண்டாம் தரமாவது என்னை நினைத்தீர்களா?" என்பதுதான்.

யார் குற்றவாளி?

இங்கே நான் அழுத்தமாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தகப்பனை நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத் தா என்று கேட்கப்படும் நிலைக்கு ஒரு தகப்பனைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களே அதற்குப் பொறுப்பு. ஆயுதத்தோடு வந்து கேட்டவர்களும், வானிலிருந்தும் தூரத்திலிருந்தும் குண்டு வீசி மக்களை ஓடஓட விரட்டியவர்களும், ஐம்பது வருடம் நியாயமான ஒரு தீர்வைத் தராமல் இழுத்தடித்த ஆட்சியாளர்களும் பொறுப்பு. இவர்கள் எவரும் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவேண்டியவர்கள் வராதபடியால், கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் அண்ணனிடமும் தங்கையிடமும் நாம் கணக்குக் கேட்கிறோம்.

குழிக்குள் இருந்தவர் பத்தொன்பது வயதுப் பொடியன். வெளியே வந்திருந்தால் அவர் இன்று உயிரோடு இருந்திருப்பாரோ தெரியாது. அவர் வராததைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பின்வந்த வருடங்களில், ஷெல் சத்தம் ஓய்ந்தபின்னும், "அவள் தானாகப் போனவள்" என்ற பொய்யை அவர் காத்தார். அதற்கு அவர் பதில் சொல்லவேண்டும். பயத்தில் செய்ததற்கும் பயம் போனபின் மறைத்ததற்கும் வேறுபாடு உண்டு. முதலாவதைப் போர் செய்தது. இரண்டாவதை நாம் செய்கிறோம். அதனால் அதை நாமே நிறுத்தவும் முடியும்.

"மறந்துவிடு" என்ற புத்திமதி

எம் சமூகத்தில் பெரியவர்கள், அதிகாரிகள், குருமார் எல்லோரும் கொடுக்கும் புத்திமதி ஒன்றுதான்: மறந்துவிடு. இது தவறான புத்திமதி என்பது என் கருத்து. நானும் இதைக் கொடுத்தவன் என்பதால் துணிந்து சொல்கிறேன். மறந்துவிடு என்று சொல்வது பெரும்பாலும் காயப்பட்டவரின் நன்மைக்காக அல்ல; கேட்டுக்கொண்டிருப்பவரின் அமைதிக்காக.

மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், வடக்கில் பல வருடம் பணியாற்றியவர், போரின் காயம் தனிமனிதனோடு நின்றுவிடுவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்று தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார். அப்படியானால் குணப்படுத்தலும் குடும்பத்துக்குள் நடக்கவேண்டும். ஆபிரிக்காவின் சியரா லியோனில் போர் முடிந்த 2002ஆம் ஆண்டிலிருந்து, ஆயுதக் குழுக்களில் இருந்து மீண்ட பிள்ளைகளை ஆய்வாளர் தெரேசா பெட்டன்கோர்ட்டும் அவருடைய குழுவினரும் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பமும் ஊரும் ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் மனதளவில் நன்றாகத் தேறினார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தேறுவது கடினமாக இருந்தது. சோறு போடுவது மட்டும் ஏற்றுக்கொள்வது ஆகாது. நடந்ததை நடந்தது என்று ஒத்துக்கொள்வதும் அதற்குள் அடங்கும்.

என் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் நான் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுவர் எனக்குப் பாதுகாப்பாக இருந்தது. வீட்டில் நின்ற தம்பிக்கு அப்படி ஒரு சுவர் இருக்கவில்லை. "நீங்கள் செபிச்சுக்கொண்டிருந்தனீங்கள் அண்ணை, நான் ஓடிக்கொண்டிருந்தன்" என்று அவன் ஒருநாள் சொன்னான். நான் உடனே விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டான். விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு இன்னும் மூன்று வருடங்கள் எடுத்தன.

என்ன செய்யலாம்?

எம் வேலையில் கண்டு பழகியவற்றை வைத்துச் சில ஆலோசனைகள்.

முதலாவது, காணியைப் பிரிப்பதற்கு முன் பேசுங்கள். பிரித்தபின் பேசலாம் என்று விட்டால், நில அளவையாளர் போட்ட கல்லுக்கு மேல் பழைய கோபமும் சேர்ந்துவிடும்.

இரண்டாவது, நேரத்தைத் தெரிந்து பேசுங்கள். செத்தவீட்டிலும் கலியாண வீட்டிலும் வேண்டாம். குடித்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டவும் வேண்டாம். 2018 டிசம்பர் 7இல் புனரமைத்த இரணைமடுக் குளம் திறந்துவைக்கப்பட்டது. இரண்டு கிழமைக்குள் பெருமழை பெய்து, வான்கதவுகளைத் திறக்கவேண்டி வந்து, கிளிநொச்சியின் தாழ்ந்த ஊர்கள் மூழ்கின. நிறைந்த குளத்தை ஒரே இரவில் இறக்கமுடியாது என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். பல வருடம் தேங்கியதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடவேண்டும்.

மூன்றாவது, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "நான் இதைக் கண்டேன், இதைக் கேட்டேன், இதைச் செய்தேன், இதைச் செய்யவில்லை." ஏன் என்பது பிறகு வரலாம். நீ பட்டது பெரிதா நான் பட்டது பெரிதா என்று நிறுக்கத் தொடங்கினால் பேச்சு முறிந்துவிடும்.

நான்காவது, தேவையானால் மூன்றாமவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்தக் காணியில் பங்கோ விருப்பமோ இருக்கக்கூடாது. தீர்ப்புச் சொல்லும் பழக்கம் உள்ளவரை விட, கேட்கும் பழக்கம் உள்ளவர் நல்லவர். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, ஊர் மதிக்கும் ஒரு தாய் போதும். எழுத்தில் வரவேண்டிய பிணக்குகளை மத்தியஸ்த சபைக்குக் கொண்டு போகலாம். 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அவை இயங்குகின்றன.

ஐந்தாவது, பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களே முதலில் பேசட்டும். "அந்த நேரத்தில் உன்னை விட்டுக்கொடுத்தோம், வேறு வழி தெரியவில்லை, அது உன் பிழை அல்ல" என்ற வார்த்தையைப் பெற்றோர் வாயிலிருந்து கேட்பதற்கும், அவர்கள் போனபின் உடன்பிறந்தவர் வாயிலிருந்து கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியும்போது எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, ஏன் இந்த முடிவு என்று சொல்லிச் செய்யுங்கள்.

ஆறாவது, எல்லா வீட்டிலும் இது பொருந்தாது. காயம் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. முகாமிலும் தறப்பாள் கொட்டிலிலும் தகப்பனின் குடி, அடி, அதைவிட மோசமானவையும் நடந்தன. தனக்குக் கொடுமை செய்தவரோடு ஒன்றாக இருந்து பேசு என்று எவரையும் வற்புறுத்தக்கூடாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. நித்திரை இன்மை, உயிரை விடும் எண்ணம், அடங்காத கோபம் இருந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலும் பேசலாம். அது வெட்கம் அல்ல. கால் முறிந்தால் பத்துப் போடப் போவதில்லையா?

ஏழாவது, ஒற்றுமை என்றால் ஒரே வளவில் இருப்பது என்று எண்ணவேண்டாம். வேதாகமத்தில் ஏசாவும் யாக்கோபும் இருபது வருடத்துக்கு மேல் பகையாய் இருந்து, பின் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதன்பிறகு அவரவர் தம் தம் ஊருக்குப் போய்த் தனித்தனியாகத்தான் வாழ்ந்தார்கள். அதுவும் சமாதானம்தான்.

முடிவாக

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். நான்கு மாதத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் இரண்டாம் தரம் சந்தித்தார்கள். மூத்தவர் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். இந்தமுறை நான் வாய் திறக்கவில்லை. அண்ணன் நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"கேட்டது. எல்லாம் கேட்டது. நீ 'அம்மா' எண்டு ரெண்டுதரம் கூப்பிட்டனீ. நான் வெளியிலை வந்திருக்கலாம். வரேல்லை. நீ தானாப் போகேல்லை."

தங்கை அழவில்லை. "மூண்டுதரம் கூப்பிட்டனான்" என்றாள்.

அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. கட்டிப்பிடிக்கவில்லை. காணிப் பிரச்சினை இன்னும் முடியவில்லை. பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வருடக் காலபோக அறுவடையில் இரண்டு மூட்டை நெல்லை அண்ணன் தானே கொண்டுபோய் அவள் வாசலில் இறக்கினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுடைய பிள்ளை இப்போது அவரை மாமா என்று கூப்பிடுகிறது.

எம் குளத்தின் பெயரை நினைத்துப் பாருங்கள். இரணை என்றால் இரட்டை. பக்கத்துப் பக்கமாக இருந்த இரண்டு நீர்த்தேக்கங்கள் சேர்ந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டை எழுப்பி முடிக்க ஏறத்தாழ இருபது வருடம் எடுத்தது. உடன்பிறந்தவர்களைச் சேர்ப்பதும் ஒரு கிழமை வேலை அல்ல. ஆனால் அதை எங்கிருந்து தொடங்குவது என்பது எமக்குத் தெரியும். இந்தப் போகம் முடிவதற்குள், பேசாமல் இருக்கும் உங்கள் அண்ணனிடமோ தங்கையிடமோ போங்கள். காணியைப் பற்றிப் பேசவேண்டாம். "அப்போது உனக்கு என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, விளக்கம் சொல்லாமல் இருந்து கேளுங்கள்.